ஆபிரகாம் முதல் மூன்றாம் மாடி வரை

சிவப்பு விளக்கில் கண்ணை மூடி ஜெபிக்கும் பஸ் ஓட்டுநர் அந்த நகரத்தில் ஒருவர்தான் இருந்தார். பச்சை விழுந்ததும் பின்னால் நிற்கும் வண்டிகள் எல்லாம் சேர்ந்து ஹாரனிலேயே ஆமென் சொல்லும். அவரும் கண்ணைத் திறந்து, "ஸ்தோத்திரம்" என்று கியரைப் போடுவார். வழக்கமாக வருகிற பயணிகளுக்கு இது பழகிப்போயிருந்தது. அவசரக்காரர்கள் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, விளக்கு மாறியவுடன், "டிரைவர் சார், முடிச்சுக்கோங்க" என்று தோளைத் தட்டுவார்கள்.

அந்தத் தோளை முதன்முதலில் தட்டியவள் அவர் மனைவிதான். அப்போது அவள் மனைவி இல்லை. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்.

"என்ன, தூக்கமா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க, ஜெபம்."

"எதுக்காக?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். "நல்ல பொண்ணு கிடைக்கணும்னு" என்று சொல்லிவிட்டார்.

"கண்ணைத் திறந்து தேடினா சீக்கிரம் கிடைக்கும். வண்டியை எடுங்க, எனக்கு நேரமாச்சு."

அவர் திறந்து பார்த்தார். கிடைத்துவிட்டாள். கல்யாணம் ஆகி, ஒரு மகளைப் பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்து, இப்போது மூன்றாம் மாடியில் மறுபடி இரண்டே பேராக ஆகியிருந்தார்கள். ஜெபம் மட்டும் இன்னும் கண்ணை மூடிக்கொண்டுதான்.

எல்லோருக்கும் அவர் டிரைவர். பஸ்ஸில் டிரைவர் சார், சபையில் டிரைவர் ஐயா, குடியிருந்த கட்டிடத்தில் டிரைவரண்ணன். பணிமனையில் பஸ் கழுவ வந்தவர், கழுவிய பஸ்ஸிலேயே ஓட்டுநராக ஏறி உட்கார்ந்தார். அன்று தொடங்கி ஒரே தடம்தான்: ரயில் நிலையத்திலிருந்து ஆற்றுப்பாலம் வழியாகப் பெரிய ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி ரயில் நிலையம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களின் முகம் அவருக்கு மனப்பாடம். கையில் எக்ஸ்ரே உறையோடு ஓடி வருகிறவர்களுக்காக நிறுத்தத்தில் இன்னும் கொஞ்சம் நிற்பார். இறங்கும்போது, "நல்லபடியா இருக்கும், போய்ட்டு வாங்க" என்பார். அவர்கள் திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்தே செய்தியைத் தெரிந்துகொள்வார். கேட்கமாட்டார். அந்தச் சிவப்பு விளக்கு ஜெபமெல்லாம் அவர்களுக்காகத்தான்.

சபையிலும் அவர் பெரிய ஜெபக்காரர். "இப்போது டிரைவர் ஐயா ஜெபிப்பார்" என்று பாஸ்டர் சொன்னால் ஜனங்கள் உட்காரும் நிலையைச் சரிசெய்துகொள்வார்கள். பின் வரிசையில் ஒருவர் மெதுவாக எழுந்து வெளியே போய், டீ குடித்து, தெரிந்தவர்களிடம் பேசி, ஆமென் சொல்லும் நேரத்துக்குச் சரியாக வந்துவிடுவார்.

ஆத்துமா இப்படிக் கொழுகொழுவென்று இருந்தது. உடம்பும் அப்படித்தான் இருந்தது என்பதுதான் சிக்கல்.

"ஸ்டியரிங்கை நீங்க ஓட்டறீங்களா, உங்க வயிறு ஓட்டுதா?" என்று மனைவி கேட்பாள். "திரும்பற இடத்துல எல்லாம் அதுதான் முதல்ல திரும்புது."

ஓட்டுநர்களுக்கு வருடாந்திர உடல் பரிசோதனை உண்டு. பணிமனையின் மேல்தளத்தில் ஒரு அறை. அங்கே ஒரு டாக்டரம்மா. சிரிப்பைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டதுபோல ஒரு முகம். அறையின் நடுவில் முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு மரப்பெட்டி, மேலே ரப்பர் ஒட்டியது. பக்கத்து மேசையில் டிக், டிக் என்று அடிக்கும் ஒரு சின்னக் கருவி. அந்த டிக்குக்கு ஏற்றபடி பெட்டியில் ஏறி இறங்க வேண்டும், டாக்டரம்மா நிறுத்தச் சொல்லும்வரை. பிறகு நாடி பார்ப்பார்.

டிரைவர் ஏறினார், இறங்கினார், ஏறினார், இறங்கினார். பிறகு பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அது உக்கார்றதுக்கு இல்ல சார், ஏறுறதுக்கு" என்றார் டாக்டரம்மா.

"ஏறிட்டுதான்... உக்காந்தேன்... டாக்டர்."

டாக்டரம்மா நாடியைப் பிடித்துப் பார்த்தார். கையை விட்டார். மறுபடியும் பிடித்துப் பார்த்தார். அடுத்த மாதக் கடைசியில் இன்னொரு வாய்ப்பு என்றார். அதிலும் இப்படியே ஆனால் ஓட்டுநர் இருக்கையை விட்டு இறக்கி, தவறவிட்ட பொருட்கள் அறைக்கு மாற்றிவிடுவார்களாம்.

அந்த அறையை டிரைவருக்குத் தெரியும். ஜன்னல் இல்லை. பயணிகள் விட்டுப்போன குடைகள் சுவர் முழுக்கத் தலைகீழாகத் தொங்கும். ஒற்றைச் செருப்புகள், டிபன் டப்பாக்கள், ஒரு முறை யாரோ கழற்றி வைத்துவிட்டு மறந்த பல்செட். இவற்றுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு யாருக்காக ஜெபிப்பது? குடைகளுக்கா? எக்ஸ்ரே உறையோடு ஓடி வருகிறவர்களுக்கு இனி யார் நிறுத்துவார்கள்? புதிதாக வருகிற பையன்கள் கதவைச் சாத்திக்கொண்டு பறக்கிறான்கள்.

வீட்டில் அவர் முழங்காலில் நின்று இதைத்தான் ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்து எழுந்திருக்க முடியாமல் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார். மனைவி வந்து தூக்கிவிட்டாள்.

"ஜெபம் பண்ணதெல்லாம் சரி. நாளையிலேருந்து நடங்க" என்றாள்.

"சரீர முயற்சியில பிரயோஜனம் கொஞ்சம்தான்னு வேதத்துல பவுலே எழுதியிருக்காரு."

"கொஞ்சம்னுதானே எழுதினாரு? ஒண்ணுமே இல்லன்னா எழுதினாரு? அந்தக் கொஞ்சத்தையாவது பண்ணுங்க."

"அது வந்து..."

"அவரு ஊர் ஊரா நடந்தே போயிட்டு, போற வழியில எழுதினாருங்க. நடக்கறவரு சொல்லலாம். பஸ்ல உக்காந்துக்கிட்டு நீங்க சொல்லலாமா?"

அப்போது மனைவியின் தம்பி உள்ளே வந்தான். கீழ்த்தளத்தில் குடியிருப்பவன். வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் வேலை. பீரோவைத் தனி ஆளாக முதுகில் ஏற்றிக்கொள்வான். வேலை முடிந்து வந்ததும், பகலில் தூக்கியது போதாதென்று, வீட்டிலும் இரும்பைத் தூக்குவான். கண்ணாடி முன் நின்று தன் கையைத் தானே பார்த்து ஆச்சரியப்படுவான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இவன் தூங்காத இடம் காணிக்கை எடுக்கும் இடம் மட்டும்தான். அதுவும் பையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்பதால்.

"மாமா, கவலைய விடுங்க. பேக்கிங் பெட்டி ஒண்ணு எடுத்துட்டு வந்திருக்கேன். அங்க இருக்கற அதே உயரம். தினமும் இதுல ஏறி இறங்குங்க."

டிரைவர் பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தார். "ஒரே படியில ஏறி இறங்கி, ஏறி இறங்கி... எங்கயும் போய்ச் சேராத பயணம்டா இது மச்சான். எனக்கு ஆகாது."

பெட்டியின்மேல் மனைவி பூந்தொட்டி வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிறு பாஸ்டர் செய்த பிரசங்கம் டிரைவரைக் கன்னத்தில் தட்டி எழுப்பியது. பாஸ்டர் நூல்போல ஒல்லியானவர். நடக்கும்போதும் புத்தகம் படிப்பார்; சபைக்கு எதிரே இருக்கும் விளக்குக் கம்பத்தில் வாரம் ஒருமுறை முட்டிக்கொள்வார். நெற்றியில் அன்றைக்கும் ஒரு பிளாஸ்திரி இருந்தது. "இருதயம், ஆத்துமா, மனசு, பலம்னு நாலாலயும் அன்புகூரணும்னு ஆண்டவர் கேக்கிறார். நாம என்ன பண்றோம்? நமக்கு எது சுலபமா வருதோ அதை மட்டும் அள்ளிக் கொடுத்துட்டு, மிச்சத்தைக் கேட்டா பாட்டுப் பாடறோம்" என்றார். பிறகு, பிளாஸ்திரியைத் தொட்டுக்கொண்டே, "நானும்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

டிரைவர் யோசித்தார். ஒரே டிரிப்பில் பள்ளிக்கூடம் போகிறவர், ஆஸ்பத்திரி போகிறவர், மார்க்கெட் போகிறவர் எல்லோரையும் ஏற்றிப் போகிறவர் அவர். ஆத்துமா, மூளை, உடம்பு மூன்றையும் ஒரே டிரிப்பில் ஏற்ற முடியாதா?

மறுநாள் காலை கடைக்குப் போய்த் திரும்பியபோது, கீழே லிஃப்ட் கதவில் ஒரு போர்டு தொங்கியது: "தயவுசெய்து படியில் ஏறவும்." ஆண்டவரே வழிகாட்டிவிட்டார் என்று டிரைவருக்குப் புல்லரித்தது. தரைத்தளத்திலிருந்து அவர் வீட்டு வாசல்வரை மூன்று படிக்கட்டு வரிசை, ஒன்றின்மேல் ஒன்றாக. முதல் வரிசையின் முடிவிலேயே அவருக்கு மூச்சு முட்டி, கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டு நின்றார். அங்கே நின்றுதான் அந்த யோசனை வந்தது.

மத்தேயு தன் சுவிசேஷத்தை வம்ச அட்டவணையோடு தொடங்குகிறார் அல்லவா? ஆபிரகாம் முதல் இயேசுவரை பேர் பேராக. வருஷா வருஷம் வேதத்தை வாசித்து முடிக்கும் டிரைவர் அந்தப் பக்கத்தை மட்டும் ஆளில்லாத நிறுத்தம்போல நிற்காமல் தாண்டிவிடுவார். அந்த அட்டவணையும் மூன்று பகுதி. ஒரு பகுதிக்குப் பதினாலு தலைமுறை. டிரைவர் இறங்கிப் போய்ப் படிகளை எண்ணினார். பதினாலு!

அவர் போட்ட சத்தத்தில் முதல் மாடி டீச்சரம்மா கதவைத் திறந்து, "என்ன டிரைவரண்ணே, விழுந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல டீச்சர், ஏறப்போறேன்!"

டீச்சரம்மாவிடமே சாக்பீஸ் வாங்கி, ஒவ்வொரு படியின் நெற்றியிலும் ஒரு பேராக எழுதினார். அடிப்படியில் ஆபிரகாம். முதல் வரிசை உச்சியில் தாவீது. இரண்டாம் வரிசை முழுக்க ராஜாக்கள். அதன் உச்சி எகொனியா. ஜனங்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன காலம், டிரைவருக்கும் அங்கே கால் சிறைப்பட்டுப் போகும். கடைசி வரிசை உச்சியில், அவர் வீட்டு வாசலில், இயேசு. பேரைச் சொல்லிக்கொண்டே ஏறினால் காலுக்கு வேலை, நினைவுக்கு வேலை. ஒவ்வொரு படியிலும் ஒரு ஆளுக்காக ஜெபித்துவிட்டால் ஆத்துமாவுக்கும் வேலை. டிரிப் நிறைந்துவிட்டது!

ஒரே ஒரு சங்கடம். கடைசி வரிசையில் ஒரு பேர் குறைந்தது. எப்படிக் கூட்டினாலும் பதின்மூன்றுதான். வாசலுக்குக் கீழே ஒரு படி பேரில்லாமல் மொட்டையாக நின்றது.

பாஸ்டரைக் கூப்பிட்டார். பாஸ்டருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதே இல்லை. கைக்கு ஒரு கட்டாகப் புத்தகங்களோடு வந்து பாபிலோன் படியில் உட்கார்ந்துவிட்டார். எகொனியாவை இரண்டு தடவை எண்ண வேண்டும் என்று ஒரு கட்சி, தாவீதைத்தான் இரண்டு தடவை எண்ண வேண்டும் என்று இன்னொரு கட்சி. "ஒரு ஆளை ரெண்டு படியில நிறுத்த முடியாது பாஸ்டர், கீழ விழுந்துடுவாரு" என்றார் டிரைவர். பாஸ்டர் அடுத்த புத்தகத்தைப் பிரித்தார்.

வேலை முடிந்து வந்த மனைவி இருவரையும் தாண்டிப் போக முடியாமல் நின்றாள். விஷயத்தைக் கேட்டாள்.

"பெத்தவ ஒருத்தி இருக்காளே. அவளை எந்தப் படியில விட்டீங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மரியாள் பேரு அங்கயே எழுதியிருக்கு. அப்பன்மாரையே எண்ணிக்கிட்டிருந்தா எப்படிக் கணக்கு வரும்?"

"அப்படியும் ஒரு கட்சி உண்டும்மா" என்று பாஸ்டர் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினார். "நான் அதுக்குத்தான் வந்துக்கிட்டிருந்தேன்."

"நிதானமா வாங்க பாஸ்டர். எனக்குக் கொஞ்சம் வழி விடுங்க."

இப்படியாகப் படிக்கட்டு நிறைந்தது. சாக்பீஸ் எழுத்து ஒரு வாரத்தில் அழிந்துபோனாலும் பேர்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. கட்டிடமே அதில் பேச ஆரம்பித்தது. "காஸ் சிலிண்டரை ஈசாய்ல வச்சுட்டுப் போயிட்டான், யாராவது தூக்குங்க" என்று டீச்சரம்மா மேலிருந்து கத்துவாள். "ஆகாஸ்ல தண்ணி கொட்டியிருக்கு, பாத்து வாங்க. அந்த ராஜா அப்பவே சரியில்ல" என்று மச்சான் எச்சரிப்பான். ஒரு கிழட்டுப் பூனை தினமும் மனாசே படியில் படுத்துக்கொள்ளும். அதற்கு அதே பேர் நிலைத்துவிட்டது. வேதத்தில் மனாசே கடைசியில் மனம் திரும்புகிறான். இந்த மனாசே எத்தனை முறை தாண்டினாலும் திரும்பிக்கூடப் பார்க்காது.

டிரைவர் ஏறினார். காலையில், மத்தியானம் சாப்பாட்டுக்கு, சாயங்காலம். போவாஸ், ஓபேத் எல்லாம் சின்னப் பேர். கால் துள்ளிக்கொண்டு போகும். ரெகொபெயாமில் ஒரு முழு மூச்சு போய்விடும். சொரொபாபேல் என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு படி ஏறிவிடலாம். ஆனால் ஏற ஏற மூச்சு நீண்டது. பாபிலோனில் உட்காருவது நின்றது. ஒரு நாள் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. அந்த ஆணியையும் சுத்தியலையும் வைத்துக்கொண்டு அவர் சமையலறையில் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து மனைவி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

டீச்சரம்மாவைப் பார்த்துத்தான் அவருக்கு ஆச்சரியம். அவர் வேர்த்து விறுவிறுத்துத் தன் வாசலை அடையும்போது, டீச்சரம்மா அதே மாடியில் எதிர்வீட்டுக்காரர்களிடம் நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பாள். கீழே பையோடு பார்த்தோமே! துளி வேர்வை இல்லையே! "இந்த வயசுல என்ன தெம்பு டீச்சர் உங்களுக்கு!" என்பார். டீச்சரம்மா இருமிக்கொண்டே உள்ளே போய்விடுவாள்.

பரிசோதனைக்கு முந்தின வாரம் மனைவியும் அவரோடு ஏறினாள். ஒவ்வொரு படியிலும் அவர் முணுமுணுப்பதைக் காது கொடுத்துக் கேட்டாள்.

"ஆசா, மகள். யோசபாத், மாப்பிள்ளை. யோராம், பணிமனை மேனேஜர். உசியா..." இங்கே அவர் மனைவி பேரைச் சொன்னார்.

"நில்லுங்க. என்னை உசியாவுலயா வச்சிருக்கீங்க? அந்த வியாதிக்கார ராஜாகிட்டயா?"

"இடம் அங்கதான் இருந்துச்சு..."

"எத்தனை வருஷமா உங்ககூட இருக்கேன், எனக்கு ஒரு நல்ல ராஜா கிடைக்கலயா?"

சண்டை எசேக்கியாவில் சமாதானமானது. அவளை அங்கே மாற்றிவிட்டார். கடைசிப் படி வந்தது. டிரைவர் அதில் காலை வைத்து, "இயேசு. அப்பாடா!" என்று சொல்லிக் கதவைத் திறந்து, சொம்புத் தண்ணீரை எடுத்துக் கடகடவென்று குடித்தார்.

மனைவி வாசலிலேயே நின்றாள்.

"தினமும் இப்படித்தானா?"

"எப்படி?"

"எல்லாருக்கும் ஜெபம் பண்ணி ஏறி வந்து, அவர் பேரு வந்ததும் அப்பாடான்னு சொல்லிட்டுத் தண்ணி குடிக்கிறீங்க. கடைசி ஸ்டாப் வந்த பயணி மாதிரி. அவர்கிட்ட பேசவே இல்லையே."

டிரைவர் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உண்மைதான். அத்தனை பேரையும் மனப்பாடம் செய்திருந்தார். அத்தனை படியும் ஏறினார். அத்தனை ஆளுக்கும் ஒரு வார்த்தை போட்டார். ஆனால் யாருக்காவது நின்று ஜெபித்தாரா? மகளுக்காக ஆசாவில் ஒரு மூச்சு, அடுத்த மூச்சில் மாப்பிள்ளை.

"நான் என்ன பண்ணட்டும்? மூணும் ஒண்ணா வரணுமே" என்றார், குழந்தைபோல.

"எதுக்கு ஒண்ணா வரணும்? நான் கடிதம் பிரிக்கிறேன். எல்லாத்தையும் ஒரே பையில திணிச்சா ஒண்ணும் போய்ச் சேராது. அதது அதது அறையில விழணும். நடக்கும்போது நடங்க. படிக்கும்போது படிங்க. ஜெபிக்கும்போது ஜெபிங்க. எல்லாம் அவருக்குத்தானே போகுது?"

சரி என்றார். ஆனால் பழகிய வாயும் காலும் கேட்குமா? மறுநாளும் அடிப்படியில் காலை வைத்ததும் "ஆபிரகாம்" தானாக வந்தது.

பரிசோதனை நாள் வந்தது. மச்சான் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தான். பணிமனைப் படிக்கட்டில் டிரைவர் முதல் பதினாலு பேரோடு தாவித் தாவி ஏறி மேல்தளத்தை அடைந்தபோது மூச்சு வாங்கவே இல்லை. சந்தோஷத்தில் மச்சானின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு உள்ளே போனார்.

பெட்டி இருந்தது. டிக், டிக் தொடங்கியது. டாக்டரம்மா, "ஆரம்பிங்க" என்றார்.

"ஆபிரகாம்" என்று ஏறினார். இறங்க வேண்டும் அல்லவா? படிக்கட்டில் ஆபிரகாமுக்கு அப்புறம் ஈசாக்கு; ஈசாக்கு அடுத்த படி, மேலே. ஒரு மாதமாகக் காலுக்கு அதுதான் தெரியும். "ஈசாக்கு" என்று வாய் சொல்லியது, கால் உயர்ந்தது. அங்கே படி இல்லை. வெறும் காற்றில் காலை ஊன்றிய டிரைவர் பெட்டியைத் தாண்டி அந்தப்பக்கம் போய், எடை பார்க்கும் எந்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். எந்திரத்தின் முள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"என்ன பண்றீங்க?" என்றார் டாக்டரம்மா.

"ஈசாக்கைத் தேடறேன் டாக்டர்."

"யாரு அவரு? வெளில உக்காந்திருக்காரா?"

டிரைவர் விளக்கினார். படி, பேர், மூன்று வரிசை, மரியாள், பூனைவரை. டாக்டரம்மா முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கடைசியில், "அடி படலயே? அஞ்சு நிமிஷம் உக்காருங்க. மறுபடி எடுக்கலாம். ஆனா இதுதான் கடைசி. இதுலயும் பாதியில நின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

உட்கார்ந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மச்சான் இரண்டு கையையும் குவித்துக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது. அவன் ஜெபித்து டிரைவர் பார்த்ததே இல்லை. அந்த முரட்டுக் கை கூப்பி நிற்பதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

தவறவிட்ட பொருட்கள் அறை கண்முன் வந்தது. தலைகீழ்க் குடைகள். தன் நிறுத்தத்தில் எக்ஸ்ரே உறையோடு நிற்கிறவர்கள். ஈசாக்கை விட்டாக வேண்டும். எல்லோரையும் விட்டாக வேண்டும். ஆத்துமா பேசாமல் இருந்தால் அது ஜெபம்தானா என்று அவருக்குச் சந்தேகம். வாழ்நாளில் அவர் பேசாமல் ஜெபித்ததே இல்லை. ஆனால் மச்சான் அங்கே அவருக்காகப் பேசிக்கொண்டிருக்கிறான் அல்லவா?

"ஆண்டவரே, இது காலோட வேலை. கால் பண்ணட்டும். நீர் கூட இரும்" என்றார். அவர் வாழ்க்கையிலேயே மிகச் சின்ன ஜெபம் அதுதான். பின் வரிசைக்காரருக்குச் செருப்பு மாட்டக்கூட நேரம் இருந்திருக்காது.

டிக். ஏறினார். டிக். இறங்கினார். வாயை மூடிக்கொண்டார். ஆபிரகாம் நாக்கு நுனிவரை வந்தார். பணிவாக, "அப்புறம் பாக்கலாம் ஐயா" என்று அனுப்பிவைத்தார். மனசுக்கு டிக் சத்தத்தைக் கேட்கிற வேலை. காலுக்கு ஏறி இறங்குகிற வேலை. ரப்பரில் பாதம் அழுந்துவது தெரிந்தது. முழங்கால் மடங்கி நிமிர்வது, மூச்சு உள்ளே போய் விலாவை விரிப்பது, எல்லாம் தெரிந்தது. இவ்வளவு வருஷம் தன்னைச் சுமந்த உடம்பை அவர் இப்போதுதான் முதல் தடவையாக நேரில் சந்திப்பதுபோல இருந்தது. பேச்சில்லாத அந்த இடத்தில் அவர் தனியாகவும் இல்லை. அது எப்படி என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. யாரோ பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல், கூடவே வருவதுபோல. சிரிப்புப் பொங்கியது. சிரித்துக்கொண்டே ஏறினார், சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"நிறுத்துங்க" என்றார் டாக்டரம்மா.

"இன்னும் கொஞ்சம் ஏறட்டுமா?"

"நிறுத்துங்கன்னேன்!"

நாடி பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். காத்திருந்து மறுபடி பிடித்தார். வெளியே மச்சான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தான்.

"இதயம் நல்லாத்தான் வேலை செய்யுது. வண்டி ஓட்டலாம். ஆறு மாசம் கழிச்சு மறுபடி வரணும்." டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஈசாக்கு கிடைச்சா சொல்லுங்க." சம்பளத்தில் பிடித்த சிரிப்பு வட்டியோடு வெளியே வந்தது.

கட்டிடத்தின் வாசலில் மனைவியும் டீச்சரம்மாவும் காத்திருந்தார்கள். செய்தியைக் கேட்டதும் டீச்சரம்மா துள்ளிக் குதித்து, "இருங்க, கேக் ஒண்ணு பண்ணி வச்சிருக்கேன், எடுத்துட்டு வரேன்" என்று ஓடி, லிஃப்ட் கதவைத் திறந்து உள்ளே ஏறி, பொத்தானை அழுத்தி மேலே போய்விட்டாள்.

டிரைவர் லிஃப்டைப் பார்த்தார். போர்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"ஓடுதா?"

"எப்பவும் ஓடிக்கிட்டுதான் இருக்கு மாமா" என்றான் மச்சான். "பொத்தானை ஒரு தடவை அமுக்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"ஒரு விசுவாசி பொய் சொல்லலாமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"என்ன பொய்? படியில ஏறவும்னு எழுதினேன். தயவுசெய்துன்னுகூடப் போட்டிருந்தேன். லிஃப்ட் கெட்டுப்போச்சுன்னு எங்க எழுதியிருந்தேன்?"

டிரைவர் சிரித்த சிரிப்பில் மனாசே விழித்துக்கொண்டு தலையைத் தூக்கியது. இரண்டாம் மாடிக்குக் கீழே, முதல்முறையாக.

மறுநாள் முதல் டிரிப்பில் மனைவி முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். ஆற்றுப்பாலத்துக்கு முன்னால் சிவப்பு விழுந்தது. டிரைவர் வண்டியை நிறுத்தினார். கண்ணை மூடவில்லை. எதிரே ஜனங்கள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள்: சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி, புத்தகம் படித்துக்கொண்டே கம்பத்தை நோக்கி நேராக நடந்துபோகும் பாஸ்டர். எல்லோரையும் பார்த்தார். பார்த்ததே போதுமாக இருந்தது. பாஸ்டருக்கு மட்டும் ஒரு ஹாரன் அடித்தார்.

பச்சை விழுந்தது. பழக்கத்தில் மனைவியின் கை அவர் தோளைத் தட்ட எழுந்தது. அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. தட்டப்போன கையால் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா! என்னங்க இவ்வளவு அவசரம்?"

"அடுத்த ஸ்டாப்ல எக்ஸ்ரே உறையோட ஒரு அம்மா நிப்பாங்க" என்றார் டிரைவர். "ஆஸ்பத்திரியில இன்னைக்கு அவங்களுக்கு ரிசல்ட்."